மாடிப் போர்ஷன் பிள்ளைகள்

"எந்த ஊரும்மா?" என்று கேட்டால் யாருக்கும் வலிக்காது. சென்னையில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்விதான் அது. மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம், அருணாசலம் என்று வடகிழக்கிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளிடம் மட்டும் அது "எந்த நாடு?" என்று மாறிவிடுகிறது. சிம் கார்டு வாங்கப் போனால், ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பாஸ்போர்ட் இல்லையா?" என்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் போனில் சத்தமாகச் சொல்கிறார்: "என் பக்கத்துல ஒரு சைனாக்காரி உக்காந்திருக்கா." புரியாது என்ற தைரியம். இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு அந்த அளவு தமிழ் நன்றாகவே புரியும்.

நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகர். வீடு, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில். மாடிப் போர்ஷனைப் பல வருஷமாக வடகிழக்குப் பெண்களுக்குத்தான் வாடகைக்கு விடுகிறேன். கல்லூரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொல்லப்படுவதும், ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று சொல்லப்படுவதும் அநேகமாக ஒன்றேதான். நம்பிச் சொன்னவர்களின் பெயரையும் அடையாளத்தையும் நான் எழுத மாட்டேன். திரும்பத் திரும்ப நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2021 மார்ச் 16 அன்று அட்லாண்டாவில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். கொரோனாவைக் காரணம் காட்டி ஆசிய முகங்களைத் தாக்கிய அந்தக் காலத்துச் செய்திகளை நாம் டி.வி.யில் பார்த்து உச்சுக் கொட்டினோம். 2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் அடிவாங்கியபோது கொதித்தோம், ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளையை அனுப்பியிருந்த வீடுகளில் யாரும் தூங்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபம் நம் தெருவில் நடப்பதற்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நிடோ டானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவரை மறந்துவிட்டோமா? 2014 ஜனவரி கடைசியில் டெல்லி லாஜ்பத் நகரில் ஒரு கடையில் வழி கேட்கப் போனார். அவருடைய தலைமுடியைக் கேலி செய்தார்கள். வாய்த்தகராறு, பிறகு அடி. மறுநாள் இறந்துபோனார். அதன்பின் மத்திய அரசு எம்.பி. பெஸ்பருவா என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் ஜூலையில் அறிக்கை வந்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவுகளைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. அது நடக்கவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித் தனிப்பிரிவு கிடையாது. 2025 டிசம்பர் 9 அன்று டேராடூனில் தாக்கப்பட்ட திரிபுரா மாணவர் ஏஞ்சல் சக்மா, 26-ஆம் தேதி மருத்துவமனையில் உயிரிழந்தார். முகத்தை வைத்துப் பேசிய பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று குடும்பம் சொன்னது. அந்த வாரம் என் மாடியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2012 ஆகஸ்டில், அஸ்ஸாம் கோக்ராஜார் கலவரத்துக்குப் பழிவாங்கத் தென்னிந்தியாவில் வடகிழக்கு ஆட்களைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குவாஹாட்டி ரயிலில் ஏறினார்கள். இங்கிருந்தும் போனார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பலாம் என்று அரசு கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது. வதந்தி என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுகிறோம். வதந்தியை நம்பி ஒருவர் மூட்டை கட்டுகிறார் என்றால், அதற்கு முன்பே "இந்த ஊர் நம்மைக் காப்பாற்றாது" என்று அவர் மனதில் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றவைத்தது எது என்று அன்றைக்கு யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

கொலை, தாக்குதல் எல்லாம் செய்தியில் வந்துவிடும். என் மேஜைக்கு வருவது அவற்றைவிடச் சின்னது, அதனாலேயே பிடிபடாதது.

"என்னை இனத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள்" என்று எந்தப் பிள்ளையும் வந்து உட்காருவதில்லை. "தூக்கம் வரல மேடம்" என்பார்கள். "மெஸ் சாப்பாடு ஒத்துக்கல", "தலைவலி", "அட்டெண்டன்ஸ் போயிடுச்சு, ஒரு லெட்டர் கிடைக்குமா?" வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கி வாங்கி அலுத்துப்போய் வந்த பெண்ணை எனக்குத் தெரியும். வயிற்றில் ஒன்றுமில்லை. மெஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு படிக்கட்டு. அதில் நாலு பையன்கள் உட்கார்ந்து அவள் போகும்போதெல்லாம் "மோமோ, மோமோ" என்பார்கள். அவள் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். காலையில் பிஸ்கட், ராத்திரி நூடுல்ஸ். வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? படிக்கட்டைப் பற்றி அவள் சொல்ல நாலாவது சந்திப்பு ஆயிற்று. "சின்ன விஷயம் மேடம், உங்ககிட்ட சொல்றதுக்கே வெக்கமா இருக்கு" என்றாள்.

ஹார்வர்டில் பணியாற்றிய செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் 1970-களிலேயே இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொன்றாக எடுத்தால் அற்பமாகத் தெரியும் அவமானங்கள் நாள்தோறும் சேர்ந்து மனிதரை என்ன செய்கின்றன என்பதுதான் அவர் கவனித்தது. சாந்தோமில் குடியிருப்பவர்களுக்கு அது எளிதாகப் புரியும்: உப்புக்காற்று ஜன்னல் கம்பியை எந்த நாளில் தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கம்பி கையோடு வந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கும் உடம்பு எப்போதும் விறைப்பாக இருக்கிறது. பஸ் ஏறும்போது எந்த சீட், யார் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தா வேறு எதற்காகவா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மற்றப் பிள்ளை பாடத்துக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதி இந்தக் கணக்குக்குப் போய்விடுகிறது. தூக்கம் கெடுகிறது, ஞாபகம் தவறுகிறது, மார்க் இறங்குகிறது. மார்க் இறங்கியதும் "நமக்கு இதெல்லாம் வராது போல" என்ற எண்ணம் வருகிறது. பாரபட்சத்தை அடிக்கடி சந்திப்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினரிடையே நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அறையில் அதற்கு ஒரு கூடுதல் சங்கடமும் உண்டு. வெளிநாட்டில் அவமானப்படும் பிள்ளைக்கு "என் நாட்டுக்குத் திரும்பிப் போகிறேன்" என்று ஒரு வழி மனதிலாவது இருக்கும். இவர்களுக்கு இதுதான் சொந்த நாடு.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கொரிய சீரியலும் பி.டி.எஸ். பாட்டும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஓடிவந்து "நீங்க கொரியன் மாதிரியே இருக்கீங்க, ஒரு செல்ஃபி!" என்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் மிசோரம் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "நாலு வருஷம் முன்னாடி கொரோனான்னு கூப்பிட்டாங்க, இப்ப கொரியான்னு கூப்பிடறாங்க. நான் ஐஸ்வால், ஆன்ட்டி." 2020 மார்ச் 21 அன்று உள்துறை அமைச்சகமே எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, வடகிழக்கு மக்களைக் கொரோனாவோடு சேர்த்துப் பேசித் தொல்லை கொடுப்பதைத் தடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள்.

2023 மே 3-க்குப் பிறகான மாதங்களை என்னால் மறக்க முடியாது. மெய்தி, குக்கி மக்களுக்கு நடுவே கலவரம் வெடித்து மணிப்பூர் எரிந்தது. மாநிலம் முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள், அது மாதக்கணக்கில் நீண்டது. வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் முகம் போய்விட்டது. சிலருக்கு வீடே போய்விட்டது. மாசாமாசம் வந்துகொண்டிருந்த பணம் நின்றது. ஒரே ஹாஸ்டலில், ஒரே மாடியில், மெய்தி பிள்ளையும் குக்கி பிள்ளையும். அதுவரை ஒரே குக்கரில் சமைத்தவர்கள். நான் யாரையும் கூட்டி உட்காரவைத்து சமாதானம் பேசவில்லை. அது அவர்கள் மேல் இன்னொரு சுமை. தனித்தனியாகக் கேட்டோம், ஃபீஸ் கட்ட அவகாசம் வாங்கினோம், தேர்வு எழுத முடியாதவர்களுக்குத் துறைத்தலைவரிடம் பேசினோம். மன ஆலோசனை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஜூன் மாதத்தில் தவணை தள்ளிப்போட்ட ஒரு கையெழுத்துதான் பலரைத் தூங்கவைத்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. மணிப்பூரில், பர்மா எல்லையில், மோரே என்று ஒரு ஊர். 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்டு இந்தியா வந்த தமிழர்களில் சிலர், தரைவழியே திரும்பிப் போகப் பார்த்து, முடியாமல் அங்கேயே தங்கினார்கள். தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் கட்டினார்கள். அறுபது வருஷமாக அந்த ஊர் அவர்களை வைத்திருக்கிறது. 2023-ல் அவர்களுடைய சில வீடுகளும் எரிந்தன. மெரினா பக்கத்தில் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடும்போதெல்லாம் எனக்கு மோரே ஞாபகம் வரும். நாம் அங்கே சிறுபான்மை, அவர்கள் இங்கே.

சாப்பாட்டை வைத்து வரும் சண்டை தனி அத்தியாயம். நாகா பெண்கள் அகுனி, அதாவது புளிக்கவைத்த சோயா போட்டுப் பன்றிக்கறி சமைப்பார்கள். மணிப்பூர்ப் பெண்கள் ங்காரி என்ற புளித்த மீனை உருளைக்கிழங்கோடும் மிளகாயோடும் சேர்த்து மசித்து இரோம்பா செய்வார்கள். வாசனை பலமாகத்தான் இருக்கும். 2007-ல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்றவற்றை அக்கம்பக்கத்தில் சலசலப்பு வராதபடி சமைக்கச் சொன்னது, உடையையும் ஊருக்குத் தக்கபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது. நல்ல எண்ணத்தோடு போட்டதாகவே இருக்கட்டும். அடிபடுகிறவரைப் பார்த்து "நீ கொஞ்சம் சுருங்கிக்கொள்" என்று சொல்வதுதான் அது. என் எதிர்வீட்டுக்காரர் "மேடம், என்னா இது, குடலைப் பெரட்டுது" என்று வந்தபோது, "சார், மழைக்காலத்துல நம்ம தெருவே கருவாட்டுக் குழம்பு வாசனைதான், யாராவது புகார் சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவர் அத்தோடு போய்விட்டார். நொச்சிக்குப்பம் மீன்காரம்மாவோ ங்காரியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்ளோ மொளகா போடுவ பாப்பா?" என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து என் மாடிப்பெண்கள் வேறு கடைக்குப் போவதில்லை. காரப்பொடி மீன் வந்தால் எடுத்துவைத்துவிட்டு ஆள் அனுப்புவார். முதல் வருஷம் வந்தபோது அறையை விட்டே இறங்காத ஒரு பெண், லூப் ரோட்டில் தனியாக நடந்துபோய் மீன் பேரம் பேசத் தொடங்கியதை என் தொழில்முறைக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். கல்லூரிக்கு வெளியே, பெயர் சொல்லிக் கூப்பிடும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இருந்தால் அதன் பலன் பெரிது.

அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்யலாம்? ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது வாயில் வரக்கூடாத வார்த்தைகள் சில உண்டு. "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க." "நீ கண்டுக்காத." "எங்களையும்தான் வடக்க மதராசின்னு சொல்றாங்க." "நல்லாத் தெரியுமா, உன்னைத்தான் சொன்னாங்களா?" கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட மோசம். ஏனென்றால் அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. நம்பித்தான் ஆக வேண்டும். "நடந்தது தப்பு. சொன்னது நல்லது. இப்ப என்ன செய்யலாம்னு நீ நினைக்கிற?" என்று கேட்டு, அவள் சொல்கிறபடி நடக்க வேண்டும். புகார் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் தேதி, இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மாசம் கழித்து மனம் மாறினால் அந்தத் தாள் கைகொடுக்கும்.

ஆலோசகர்களாகிய எங்களுக்கும் ஒன்று. மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் படிக்கட்டில் அந்த நாலு பையன்கள் உட்கார்ந்திருக்கும் வரை, மூச்சுப்பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம். வயிற்றுவலிப் பெண்ணின் விஷயத்தில், அவள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், துறைத்தலைவர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசினார். இனத்தையும் பிறந்த ஊரையும் மொழியையும் வைத்து மாணவரைத் துன்புறுத்துவது ராகிங்தான் என்று யூ.ஜி.சி. 2016-ல் தன் விதிகளைத் திருத்தியிருக்கிறது. பையன்களுக்கு அது தெரியாது. சொன்ன பிறகு இருவர் உண்மையிலேயே வெலவெலத்துப் போனார்கள். "மேடம், நாங்க சும்மா…" என்றவர்கள், அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி மெஸ்ஸுக்கு வந்தாள். வயிற்றுவலி போக இன்னும் சில மாதம் பிடித்தது.

தெருவில் நடப்பதற்குக் காவல்நிலையம் போக வேண்டும். தனியாக அனுப்பாதீர்கள். தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள், புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். ஒருமுறை நகரின் ஒரு காவல்நிலையத்தில், "இவங்க எந்த நாட்டு எம்பஸி?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்ததால் பேச முடிந்தது. அந்தப் பெண் தனியாகப் போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பாள். டெல்லியில் வடகிழக்கு மக்களுக்கென்றே தனிப் போலீஸ் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் உண்டு. சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கோரிக்கை.

வருத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குளிப்பது சாப்பிடுவதுகூட நின்றால், பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், "நான் இல்லாட்டி யாருக்கும் கஷ்டமில்ல" என்ற மாதிரி பேச்சு வந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மறைத்து வைத்திருந்தவர்களுக்கு மூச்சு விடத்தான் இடம் கிடைக்கும். அரசின் டெலிமானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும், பல மொழிகளில். நம் பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்நேகா இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. எண் 044-24640050. ராகிங் புகாருக்கு 1800-180-5522.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகரை வைக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதி, மதம், இனம் போன்றவற்றை வைத்து நடக்கும் தொல்லையை ரகசியமாகப் புகார் செய்யவும் வழி வேண்டும் என்றது. நிர்வாகங்கள் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஆங்கிலமும் இந்தியும் தெரிந்த ஒருவராவது வேண்டும். முதல் நாள் வரவேற்புக் கூட்டத்தில் யூ.ஜி.சி. விதியை மாணவர்களுக்குப் படித்துக் காட்டும்போது, வாட்ச்மேனையும் மெஸ் ஊழியர்களையும் அலுவலகக் கவுன்ட்டரில் இருப்பவர்களையும் கூட்டி உட்காரவைத்துத் தமிழில் சொல்லுங்கள். அடையாள அட்டை கேட்கும்போது மற்றவர்களிடம் கேட்காத எதையும் இவர்களிடம் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. கல்லூரி திறக்கும் மாதங்களில் சாந்தோம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி முழுக்க இந்தப் பிள்ளைகள் 'டு லெட்' போர்டு பார்த்துப் பார்த்து நடப்பார்கள். போனில் "வாங்க, வீடு இருக்கு" என்றவர்கள், நேரில் முகத்தைப் பார்த்ததும் "இப்பதான் போச்சு" என்கிறார்கள். அட்வான்ஸ் எவ்வளவு, மெட்ரோ வாட்டர் எப்போது வரும், கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று எல்லாரிடமும் பேசுவதை இவர்களிடமும் பேசுங்கள். வாடகையை ஒன்றாம் தேதியே போட்டுவிடுவார்கள், இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூடப் பாக்கி வைத்ததில்லை. என் மாடி நிறைந்துவிட்டது. இன்னும் மூன்று பெண்கள் இந்தப் பக்கத்திலேயே வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.